வலைக்கு வெளியே நிற்கும் பையன்

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். கேளம்பாக்கத்தில் எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்தில் இருக்கிற டர்ஃபில் என் மகனும் அவன் சிநேகிதர்களும் பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். பத்துப் பையன்கள், ஒரு மணி நேரத்துக்கு 1,200 ரூபாய், தலைக்கு 120. நாங்கள் அப்பாமார் நாலைந்து பேர் வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். உயரமான பச்சை வலைதான், ஆனாலும் யாரோ ஓங்கி அடித்த பந்து அதற்கு மேலே ஏறிச் சாலைப் பக்கம் இறங்கியது.

அங்கே ஒரு பையன் நின்றிருந்தான். பதினொன்று, பன்னிரண்டு வயது இருக்கும். வெறுங்கால். அவ்வளவு உயரத்திலிருந்து வந்த பந்தை அவன் கையால் பிடிக்கப் போகவில்லை. நெஞ்சைக் கொஞ்சம் பின்னுக்கு வாங்கி அதில் ஏந்தினான். தொடையில் இறக்கினான். அது தரையைத் தொடுவதற்குள் வலது காலால் ஒரே உதை. பந்து வலையைத் தாண்டி உள்ளே விழுந்தது. அவன் அது விழுவதைக்கூடப் பார்க்காமல் ஓரமாக நின்ற தள்ளுவண்டிக்குத் திரும்பிப் போய், பக்கெட் தண்ணீரில் கிளாஸ் கழுவ ஆரம்பித்தான். வண்டி அவன் அம்மாவுடையது. மோர், எலுமிச்சை ஜூஸ், தண்ணீர் பாட்டில், பன்னீர் சோடா.

என் பக்கத்தில் சேட்டன் உட்கார்ந்திருந்தார். எங்கள் பிளாக்கில் மூன்றாவது மாடி. திருச்சூர்க்காரர், பேரனைப் பார்த்துக்கொள்ள மகள் வீட்டுக்கு வந்து நாலு வருஷமாக இங்கேயே இருக்கிறார். உள்ளே ஆடுகிற பத்துப் பேரையும் விட்டுவிட்டு அந்தப் பையனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்டீங்களா? அந்த ஃபர்ஸ்ட் டச் இருக்கே, அதை எந்த கோச்சும் சொல்லிக்கொடுக்க முடியாது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எங்க ஊர்லயும் ஒரு சோடாக்காரப் பையன் இருந்தான்" என்றார்.

யாரைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஐ.எம். விஜயன்.

பெயரைச் சொன்னால் நம்மில் பலருக்கு ஃபுட்பால் நினைவுக்கு வராது. 'திமிரு' படத்தில் விஷாலோடு மோதுகிற அந்தக் கறுத்த, நெடிய அடியாள் என்றால் சட்டென்று முகம் வந்துவிடும். 'கொம்பன்' படத்தில் பார்த்திருப்பீர்கள். 2019-ல் வந்த 'பிகில்' படத்திலும் இருந்தார். ஃபுட்பாலை வைத்து எடுத்த அந்தப் பெரிய தமிழ்ப் படத்தில், இந்திய ஃபுட்பால் அணிக்கே கேப்டனாக இருந்த மனிதர் வில்லன் கும்பலில் நின்றார். தியேட்டரில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாருக்கும் அவர் யார் என்று தெரியவில்லை. அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். இப்போதாவது எழுதுகிறேன்.

அயினிவளப்பில் மணி விஜயன். 1969 ஏப்ரல் 25-ல் திருச்சூரில் பிறந்தவர். சின்ன வயதிலேயே அப்பா போய்விட்டார். அம்மா கொச்சம்மு. வீட்டில் வறுமை என்றால் அடுத்த வேளை நிச்சயமில்லாத வறுமை. பையன் திருச்சூர் முனிசிபல் ஸ்டேடியத்தில் ஆட்டம் பார்க்க வருகிறவர்களுக்கு சோடா விற்றான். பாட்டில் 10 பைசா.

விஜயனைப் பற்றி யார் எழுதினாலும் இந்தப் 10 பைசா சோடா வந்துவிடும். எல்லோரும் அதை வறுமைக்குச் சாட்சியாகச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அந்த இடத்திலேயே கொஞ்சம் நிற்கத் தோன்றுகிறது. சோடாப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிற பையனை கேட்டில் நிற்பவர் டிக்கெட் கேட்பதில்லை. அந்தப் பையன் உள்ளே போகிறான். போனால் ஆட்டம் கண்ணெதிரே இருக்கிறது. கேலரிப் படிகளில் மேலும் கீழும் ஏறி இறங்கும்போதெல்லாம் அவன் கண் மைதானத்தில்தான் இருந்திருக்கும். எந்த ஃபார்வர்டு எந்தக் காலில் பந்தை எடுக்கிறான், டிஃபென்ஸ்காரன் எப்போது எடையை மாற்றிப் போடுகிறான் என்று வருஷக்கணக்கில், காசு கொடுக்காமல், கைக்கெட்டும் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறான். பசி அவனுக்கு எதையும் கற்றுக்கொடுத்திருக்கும் என்று நான் நம்பவில்லை. பசி யாருக்கும் எதையும் கற்றுக்கொடுப்பதில்லை, உடம்பை வாட்டும், அவ்வளவுதான். அவனுக்குக் கற்றுக்கொடுத்தது திறந்திருந்த அந்த கேட்.

சேட்டன் இதை வேறு மாதிரிச் சொன்னார். "எங்க ஊர்ல அறுவடை முடிஞ்சா வயலே கிரவுண்டு. பக்கத்துக்கு ஏழு பேர், செவன்ஸ். யாரு வேணும்னாலும் இறங்கலாம். செருப்பு இருக்கா, ஷூ இருக்கான்னு யாரு கேக்கறது?"

அந்த வயலிலிருந்து சி.எம்.எஸ். பள்ளிக்கூடம். பள்ளிக்கூடத்திலிருந்து பயிற்சி முகாம். விஜயனை வளர்த்தெடுத்த பயிற்சியாளர்களில் டி.கே. சாத்துண்ணி முக்கியமானவர். 2024 ஜூனில் காலமானார், மலையாளப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. அவரிடம் கற்ற அந்த நாட்களுக்கு அப்புறம்தான் விஜயனுக்குப் பெரிய திருப்பம். அப்போது கேரள டி.ஜி.பி.யாக இருந்த எம்.கே. ஜோசப்புக்கு மாநிலப் போலீஸுக்கென்று நல்ல ஃபுட்பால் அணி ஒன்று வேண்டும் என்று ஆசை. 17 வயதுப் பையன் விஜயன் அவர் கண்ணில் பட்டான். 1987-ல் கொல்லத்தில் நடந்த தேசியப் போட்டியில் அவன் ஆடியதைப் பார்த்தவர்கள் அதற்கப்புறம் அவனை மறக்கவில்லை. சோடா விற்ற பையனுக்கு அரசாங்கச் சம்பளம் வந்தது.

அந்தச் சம்பளம் எவ்வளவு பெரிய விஷயம் என்று நம் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சென்னையிலும் ஏழை வீட்டுப் பையன்கள் ஃபுட்பால் ஆடிக் கரை சேர்ந்தது இப்படித்தான். ஐ.சி.எஃப்., சதர்ன் ரயில்வே, இந்தியன் வங்கி. 'ஆடினால் வேலை கிடைக்கும்' என்ற ஒற்றை வாக்கியம் எத்தனை அம்மாக்களைச் சமாதானப்படுத்தியிருக்கிறது! இந்தியன் வங்கி அணி தேசிய லீக்கில் மேல் டிவிஷனில் ஆடிய காலம் ஒன்று இருந்தது. இன்றைக்கும் தமிழ்நாட்டு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கீடு இருக்கிறது.

1990-ல் ஃபெடரேஷன் கோப்பை இறுதி ஆட்டம் அதே திருச்சூரில் நடந்தது. கேரளா போலீஸ் கோவாவின் சால்கோக்கர் அணியைத் தோற்கடித்துக் கோப்பையை வாங்கியது. சேட்டன் அன்றைக்கு அங்கே இருந்தார். "நிக்க இடமில்லை. ஒரு காலை ஊனி நின்னா இன்னொரு காலை வைக்க முடியலை" என்றார். சோடா விற்ற ஊரிலேயே விஜயன் கோப்பையைத் தூக்கிய அணியில் இருந்ததைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. முப்பத்தைந்து வருஷம் கழித்தும்.

அதற்கப்புறம் நடந்தது இந்திய ஃபுட்பாலை அறிந்தவர்களுக்கெல்லாம் தெரிந்த கதை, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1991-ல் மோகன் பகான். மறுபடி போலீஸ், மறுபடி மோகன் பகான். பஞ்சாபின் ஜே.சி.டி.யில் பைச்சுங் பூட்டியாவோடு ஜோடி. 1996-97-ல் நடந்த முதல் தேசிய லீக்கை அந்த அணிதான் ஜெயித்தது. பிறகு எஃப்.சி. கொச்சின், ஈஸ்ட் பெங்கால், சர்ச்சில் பிரதர்ஸ். 1993, 1997, 1999 என்று மூன்று முறை இந்தியாவின் சிறந்த ஆட்டக்காரர் விருது. 1999-ல் காட்மாண்டுவில் நடந்த தெற்காசிய விளையாட்டில் பூட்டானுக்கு எதிராக ஆட்டம் தொடங்கிய 12-ஆவது வினாடியில் கோல். நீங்கள் இந்த வாக்கியத்தைப் படித்து முடிப்பதற்குள் அவர் அடித்து முடித்திருப்பார். 2003-ல் ஹைதராபாத்தில் ஆப்ரோ-ஆசிய விளையாட்டு, இந்தியாவுக்கு வெள்ளி, கோல் அடித்தவர்களில் நாலு கோலோடு விஜயன் முதலிடம். அதோடு சர்வதேச ஆட்டத்திலிருந்து விலகினார். வங்காளத்தில் அவரைக் 'கருப்பு மான்' என்று கூப்பிட்டார்கள். பழைய வீடியோக்களைத் தேடிப் பாருங்கள். பந்து காலுக்கு வந்ததும் அந்த நெடிய உடம்பு ஒரு கணம் நின்று, எந்தப் பக்கம் போகும் என்று எதிராளி யோசிப்பதற்குள் நழுவிவிடும். மானேதான்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது இந்தப் பட்டியலுக்காக இல்லை. அந்த 1990 அணியில் இன்னொருவர் இருந்தார், அவரைச் சொல்லாமல் விஜயனைச் சொல்வது நேர்மையாகாது என்று நினைக்கிறேன்.

வி.பி. சத்யன். கண்ணூர்க்காரர். டிஃபென்ஸில் சுவர் மாதிரி நிற்பார். 1992-ல் கோயம்புத்தூரில் கேரளா சந்தோஷ் கோப்பையை வென்றபோது அவர்தான் கேப்டன். இந்திய அணிக்கும் கேப்டனாக இருந்தார். பிற்காலத்தில் சென்னைக்கு வந்து இந்தியன் வங்கியில் சேர்ந்தார். நம் ஊர்க்காரராகவே ஆகிவிட்டார். கால் காயம் அவரை வருஷக்கணக்கில் படுத்தியது. 2006 ஜூலை 18-ம் தேதி, பல்லாவரத்தில் ரயில் பாதையில் அவர் வாழ்க்கை முடிந்துபோனது. 41 வயது. மலையாளத்தில் 2018-ல் 'கேப்டன்' என்று அவர் கதையைப் படமாக எடுத்தார்கள். இங்கே பல்லாவரத்தில் ரயில் ஏறுகிற எத்தனை பேருக்கு அது தெரியும்?

நான் தாம்பரம் போய் ரயில் பிடிக்கும்போதெல்லாம் பல்லாவரம் வந்தால் சத்யனை நினைத்துக்கொள்வேன். வறுமையை ஜெயித்த வீரர்கள் என்று நாம் எழுதுகிற கதைகள் எல்லாமே கோப்பையோடு முடிந்துவிடுகின்றன. ஆடி முடித்த பிறகு ஒரு மனிதனுக்கு முப்பது, நாற்பது வருஷ வாழ்க்கை பாக்கி இருக்கிறது. அந்த வருஷங்களில் யார் கூட நிற்பார்கள்? உடம்பு கைவிட்ட ஒருவரை, கைதட்டிய கூட்டம் திரும்பிப் பார்க்கிறதா? ஒரே அணியில் ஆடிய இரண்டு பேர். ஒருவரை நாம் காப்பாற்றவில்லை.

விஜயன் நின்றார். சினிமாவுக்குப் போனார். முதல் படமே ஜெயராஜ் இயக்கிய 'சாந்தம்', சிறந்த படத்துக்கான தேசிய விருது வாங்கியது. சினிமாவில் நல்ல பேர் கிடைத்தும் அவர் மைதானத்தை விட்டுவிடவில்லை. சொந்த ஊரிலேயே சின்னப் பையன்களுக்கு ஃபுட்பால் அகாடமி தொடங்கினார். மறுபடி போலீஸ் வேலைக்கு வந்தார். மலப்புறத்தில் கேரளப் போலீஸ் தொடங்கிய ஃபுட்பால் அகாடமிக்கு இயக்குநரானார். எந்தப் போலீஸ் அணி 17 வயதில் தன்னை எடுத்துக்கொண்டதோ, அதே போலீஸில் அடுத்த 17 வயதுக்காரனைத் தேடுகிற வேலை. 2022-ல் அகில இந்தியக் கால்பந்து கூட்டமைப்பின் தொழில்நுட்பக் குழுவுக்குத் தலைவர். 2025 ஜனவரியில் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அந்த வருஷம் ஏப்ரல் கடைசியில் போலீஸ் சீருடையைக் கழற்றினார்.

சேட்டனிடம் லாலூர் பற்றிக் கேட்டேன். திருச்சூருக்குப் பக்கத்தில் இருக்கிற இடம். பல காலம் ஊர்க் குப்பையெல்லாம் அங்கேதான் கொட்டினார்கள். நாற்றம் தாங்காமல் அந்தப் பகுதி ஜனங்கள் வருஷக்கணக்கில் போராடினார்கள். அந்த இடத்தில்தான் இன்றைக்கு ஐ.எம். விஜயன் பெயரில் விளையாட்டு வளாகம் எழுந்திருக்கிறது. "அந்தப் பக்கம் பஸ்ல போனா மூக்கைப் பொத்திக்கிட்டு உக்காருவோம்" என்றார் சேட்டன். "இப்ப பிள்ளைங்க ஷூ மாட்டிக்கிட்டு போகுதுங்க."

உலகத்தில் இப்படி வந்தவர்களைக் கொஞ்சம் தேடிப் படித்தேன். செனகல் நாட்டு சாடியோ மானே, பம்பாலி என்ற கிராமம். ஏழு வயதில் அப்பா இறந்துபோனார். கிராமத்தில் ஆஸ்பத்திரி கிடையாது. லிவர்பூலுக்கு ஆடிக் கோடிகள் சம்பாதித்த பிறகு அந்தக் கிராமத்துக்கு முதலில் பள்ளிக்கூடம், 2021-ல் ஆஸ்பத்திரி கட்டிக்கொடுத்தார். இங்கிலாந்தின் மார்கஸ் ராஷ்ஃபோர்டு, பள்ளிக்கூடத்து இலவசச் சாப்பாட்டில் வளர்ந்தவர். மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு ஆடிக்கொண்டிருந்த 2020-ல், கொரோனா நேரத்தில், கோடை விடுமுறையில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கிடையாது என்று இங்கிலாந்து அரசு கை விரித்தபோது பகிரங்கமாகக் கடிதம் எழுதினார். அரசு முடிவை மாற்றிக்கொண்டது, 13 லட்சம் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கிடைத்தது. அப்போது அவருக்கு 22 வயது. (சத்துணவு சாப்பிட்டுப் படித்தவன் என்கிற முறையில், அந்தச் செய்தியைப் படித்த அன்றைக்கு எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஒரு தட்டு சாப்பாடு பள்ளிக்கூடத்தில் கிடைக்கும் என்பதற்கு என்ன அர்த்தம் என்று தட்டேந்தி நின்றவர்களுக்குத்தான் தெரியும்.)

இவர்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரிகிறது. ஆளாளுக்குத் தனக்கு எது வலித்ததோ, எது வாய்த்ததோ அதைத்தான் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். அப்பாவுக்கு ஆஸ்பத்திரி இல்லாத மானே ஆஸ்பத்திரி கொடுத்தார். பசித்த ராஷ்ஃபோர்டு சோறு கேட்டார். விஜயனுக்கு வாய்த்தது கேட் திறந்திருந்த ஒரு மைதானமும் ஒரு சம்பளமும். அவர் அதையே அடுத்தவனுக்குத் தேடிக்கொண்டிருக்கிறார்.

அப்படியானால் நம் ஊரில், அந்தத் தள்ளுவண்டிப் பையனுக்கு எது இல்லை?

கேளம்பாக்கத்துக்கு நான் வந்து பதினோரு வருஷம் ஆகிறது. அப்போது ஜங்ஷனில் 102-க்கோ 515-க்கோ நின்றால் சுற்றி வெட்டவெளிதான் அதிகம். வண்டலூர் சாலையில் காலி மனைகள், தையூர்ப் பக்கம் ஏரி ஓரத்துப் புல்தரை, கோவளம் போகிற வழியில் உப்பளத்தை ஒட்டிய கெட்டித் தரை. ஞாயிற்றுக்கிழமையானால் எங்கு பார்த்தாலும் பையன்கள். பெரும்பாலும் கிரிக்கெட், இரண்டொரு இடத்தில் ஃபுட்பால். செங்கல் இரண்டு வைத்தால் கோல் போஸ்ட். நான் வாங்கி வந்த பிளாட் இருக்கிற இடமே அப்படி ஒரு மைதானமாக இருந்ததுதான் என்று பழைய வாட்ச்மேன் சொல்லியிருக்கிறார். மனை விற்றது, முதலில் கல் நட்டார்கள், பிறகு கம்பி வேலி, பிறகு காம்பவுண்டுச் சுவர். இப்போது அந்தச் சுவருக்குள் நான் இருக்கிறேன். பையன்கள் வெளியே இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதிலாக வந்திருப்பது மணிக்கணக்குக்கு வாடகை வாங்குகிற டர்ஃப்.

டர்ஃப் நடத்துகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களும் இடத்துக்கு வாடகை கட்டுகிறார்கள், ராத்திரி முழுக்க லைட் எரிகிறது, கரண்ட் பில் வருகிறது. ஆனால் மணிக்கு 1,200 ரூபாய் என்று எழுதிப்போட்ட பலகையைத் தாண்டி ஒரு விஜயன் உள்ளே வர முடியாது.

இதற்கு நேர்மாறான ஒன்று நம் கண்ணெதிரே, ஐந்தாறு கிலோமீட்டரில் இருக்கிறது. கோவளம். மூர்த்தி மேகவன் என்ற மீனவர் சர்ஃபிங் கற்றுக்கொண்டு, 2012-ல் அங்கே சர்ஃப் பள்ளியைத் தொடங்கினார். குப்பத்துப் பிள்ளைகள் கையில் பலகை வந்தது. இன்றைக்கு இந்தியாவில் சர்ஃபிங் என்றால் கோவளம், மாமல்லபுரம் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் பெயர்தான் முன்னால் நிற்கிறது. 2025 ஆகஸ்டில் ஆசிய சர்ஃபிங் போட்டியையே மாமல்லபுரத்தில் நடத்தினார்கள். பணக்கார நாடுகளின் விளையாட்டு ஒன்று ஏழைக் குப்பத்தில் எப்படி இவ்வளவு சீக்கிரம் வேர் விட்டது என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். கடலுக்கு கேட் கிடையாது. மணிக்கணக்குக்கு வாடகை கிடையாது. பலகையை இரவல் கொடுக்க ஒரு ஆள் கிடைத்தால் போதும், மீதியை அந்தப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டார்கள்.

ஃபுட்பாலில் அந்த இரவல் ஆள் யார்? வடசென்னையில் வியாசர்பாடி இருக்கிறது. உமாபதி, தங்கராஜ் என்ற இரண்டு பேர், அவர்களும் ஆட்டக்காரர்கள், பல வருஷமாக அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு இலவசமாக ஃபுட்பால் சொல்லிக்கொடுக்கிறார்கள். வெறும் ஆட்டத்தோடு விடுவதில்லை, படிப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறார்கள். அங்கிருந்து வந்தவர்தான் தனபால் கணேஷ். 2018 மார்ச் 13, நேரு ஸ்டேடியத்தில் கோவாவுக்கு எதிராக ஐ.எஸ்.எல். அரையிறுதி. சென்னை அணியின் ஜேஜே முதல் கோலை அடித்த மூன்றாவது நிமிஷம் கணேஷ் தலையால் முட்டி இரண்டாவது கோல் போட்டார். 3-0. நாலு நாள் கழித்துப் பெங்களூரில் சென்னையின் அணி கோப்பையைத் தூக்கியது. சென்னைப் பெயர் போட்ட அணிக்கு, சென்னைக் குடிசைப் பகுதியிலிருந்து வந்த பையன், சொந்த ஊர் ஸ்டேடியத்தில் அடித்த கோல் அது. அந்தக் கோலுக்குப் பின்னால் ஒரு இலவச மைதானம் இருக்கிறது.

நம் பக்கத்திலும் எதுவும் இல்லை என்று சொல்ல மாட்டேன். மாமல்லபுரம் பக்கம் எஃப்.சி. மெட்ராஸ் தங்கிப் படித்துப் பயிற்சி பெறுகிற அகாடமி நடத்துகிறது, நல்ல புல்தரை, நல்ல கோச்சுகள். ஆனால் அப்படி ஒரு இடத்தில் தேர்வுக்குப் போய் நிற்பதற்கே ஒரு பையன் சில வருஷம் எங்கேயாவது பந்து உதைத்திருக்க வேண்டும். அந்தச் சில வருஷம் எங்கே நடக்கும்? என் கவலையெல்லாம் அந்த 'எங்கேயாவது' பற்றித்தான்.

சரி, யோசித்துக்கொண்டே இருந்தால் ஆகாது என்று சேட்டனும் நானும் அடுத்த திங்கள்கிழமை கிளம்பினோம். பகலில் டர்ஃப்கள் சும்மாதான் கிடக்கின்றன. மூன்றிலிருந்து ஐந்து மணி வரைக்கும் வெயிலில் யாரும் புக் பண்ணுவதில்லை. அந்த இரண்டு மணி நேரத்தில், வாரத்துக்கு இரண்டு நாள், பக்கத்துப் பையன்களை விடுங்கள் என்று கேட்டோம். முதலில் போன இடத்தில் முடியாது என்றார்கள். புல் தேய்ந்துவிடும், யாராவது விழுந்து கை காலை உடைத்துக்கொண்டால் யார் பொறுப்பு என்றார்கள். இன்னொரு இடத்தில் யோசித்துச் சொல்கிறேன் என்றார் ஒருவர், இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். மூன்றாவது இடத்தில் இருந்தது ஒரு இளைஞர். தானும் பள்ளிக்கூட டீமில் கோலியாக இருந்தவராம். "வியாழக்கிழமை ஒரு நாள் விட்டுப் பாக்கலாம் சார். ஒரு பெரியவங்க கூட இருக்கணும், அவ்வளவுதான்" என்றார்.

பெரியவர் சேட்டன்தான். வேறு யார்?

தள்ளுவண்டி அக்காவிடம் போய்ச் சொன்னேன். முதலில் நம்பவில்லை. "எவ்ளோ கட்டணும்?" என்றார். ஒன்றும் கட்ட வேண்டாம் என்றேன். "அப்புறமா கேக்க மாட்டாங்களே?" என்று மறுபடி கேட்டார். சோடா பாட்டிலைத் துணியால் துடைத்துக்கொண்டே பையனைப் பார்த்தார். "ஸ்கூல் விட்டு வந்தா இவந்தான் எனக்குத் தண்ணி தூக்கிக் குடுப்பான். வியாழக்கிழமை மட்டும்னா நான் பாத்துக்கிறேன்."

முதல் வியாழக்கிழமை பதினாலு பேர் வந்தார்கள். இதில் ஆறேழு பேர் பக்கத்துக் கட்டட வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள், ஒருத்தனுக்கு ஒடியா மட்டும்தான் தெரியும். மூன்று பெண் பிள்ளைகள். அரைவாசிப் பேர் வெறுங்கால், செயற்கைப் புல் வெயிலில் சுட்டது. நாங்கள் அதை யோசிக்கவே இல்லை. சேட்டன் வீட்டுக்கு ஓடி மகள், மருமகன், பேரன் என்று எல்லோருடைய சாக்ஸையும் அள்ளிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டிரண்டு ஜோடி, ஒன்றின் மேல் ஒன்றாக. குனிந்து தானே மாட்டிவிட்டார். அறுபத்தாறு வயது, முட்டி வலி உள்ள மனிதர்.

என் பையன் கடைசியாக வந்தான். கேட்டுக்கு வெளியே நின்று உள்ளே எட்டிப் பார்த்தான். கேட் திறந்துதான் இருந்தது. உள்ளே வா என்றேன். 'என் பையன்' என்று எழுதிவிட்டேன். அந்த அக்காவின் பையன், சோடாக்காரப் பையன். அடித்துத் திருத்தலாம் என்று பார்த்தேன், அப்படியே இருக்கட்டும்.

புல்லில் ஒரு காலை வைத்தான், எடுத்துப் பார்த்தான், மறுபடி வைத்தான். இத்தனை நாள் வெளியே நின்று இந்தப் புல்லைப் பார்த்தவன், இப்போதுதான் அதன் மேல் நிற்கிறான். சேட்டன் தூரத்திலிருந்து பந்தை அவன் பக்கம் உருட்டிவிட்டார். அவன் அதைக் காலுக்கடியில் நிறுத்தினான். ஆனால் உதைக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"எத்தினி மணி வரைக்கும்ணா?"

"அஞ்சு மணி வரைக்கும் தம்பி."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். மூன்று இருபது. விரல்களை மடக்கிக் கணக்குப் போட்டான். பிறகு பந்தோடு ஓடினான்.

போன வியாழக்கிழமை மழை, யாரும் வரவில்லை. இந்த வாரம் உண்டு. 5, 6, 7 அளவில் பழைய ஷூ, ஸ்டட்ஸ் எது இருந்தாலும் கேளம்பாக்கம், படூர், புதுப்பாக்கம், தையூர்ப் பக்கம் இருப்பவர்கள் எடுத்து வையுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். சாக்ஸ் வேண்டாம். சேட்டன் வீட்டிலேயே நிறைய இருக்கிறது.